லொறியில வந்த நாலு செவரு

மடுல்சீமைப் பக்கம் வீரமலையத் தெரியாத ஆளு இல்ல. தெரியாதுன்னு யாராவது சொன்னா, அவங்களுக்குக் காது கேக்காதுன்னு அர்த்தம். கொழுந்து லொறியில கிளீனரா தொங்கிக்கிட்டுத் திரிஞ்ச மனுசன். எஞ்சின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பழகி, இப்ப பக்கத்துல ஒக்காந்திருக்குற ஆளுகிட்ட வெத்தல கேட்டாலும், எதுத்த மலையில கொழுந்து எடுக்குற பொம்பளைங்க திரும்பிப் பாப்பாங்க.

அவருக்கு இருக்குற பெருமையெல்லாம் ரோட்டுலதான். பசறையிலருந்து மடுல்சீமை வரைக்கும் எந்த வளைவு ஏறுனா எந்தத் தோட்டம், அந்தத் தோட்டத்துல எது எந்த மலை, அத்தனையும் நாக்கு நுனியில வச்சிருப்பாரு. மலைன்னா இங்க தேயிலை நிக்கிற நெலம். கம்பெனிக்காரன் அதுக்கு நம்பர் போட்டு வச்சிருக்கான். நம்ம ஆளுங்க நம்பரால கூப்புட மாட்டாங்க. கோயில் மலை, சவுக்கு மலை, பாம்பு மலைன்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சிருக்காங்க. பங்களா மலைன்னும் ஒண்ணு இருக்கு. அங்க பங்களா கெடையாது. வெள்ளக்காரத் தொரை காலத்துல இருந்துச்சாம். இப்ப ஒரு கல்லுகூட இல்ல. எல்லாம் யார் யார் வீட்டு அடுப்புக்கட்டியாவோ போயிருச்சு. பேரு மட்டும் நின்னுருச்சு.

அவரு பொண்டாட்டி இந்திராணி அப்புத்தளைப் பக்கத்துலருந்து வந்தது. அதுவும் காம்பராவ ஒட்டி ஒட்டி வரிசையாக் கட்டுன லயத்துல பொறந்ததுதான். ஆனா ஓரக் காம்பரா. ஓரக் காம்பரான்னா ஒரு பக்கச் செவரு சொந்தமா கெடைக்கும். வீரமலையோட காம்பரா நட்ட நடுவுல. எடது பக்கச் செவரு பாதி சின்னராசாவுது. வலது பக்கம் பாதி சின்னராசாவோட கொழுந்தியாளுது. பின்செவரு, முதுகோட முதுகா ஒட்டி நிக்கிற பின்லயத்து ஆளுங்களுது. முன்செவரு மட்டுந்தான் நம்மளுது. அதுலயும் முக்காவாசி கதவு.

சின்னராசா அந்தப் பக்கம் இருமுனா, இந்திராணி தூக்கத்துல எந்திரிச்சு புருசனுக்குத் தண்ணி மோந்து குடுக்கும். கல்யாணமான புதுசுல வீரமலை அதுகிட்ட ரகசியமா ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. அவரு ரகசியம் எப்புடியிருக்கும்னு சொல்லணுமா? மறுநா காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு கொடுக்க நிக்கிறப்ப, கணக்கப்பிள்ளை மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சிரிச்சாராம். என்ன வார்த்தைன்னு எனக்குந் தெரியும். இங்க வேணாம்.

இப்புடியே பிள்ளைங்க ரெண்டும் வளந்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிருச்சுங்க. அப்பறம் அந்தப் பெரிய மழை வந்துச்சு. லயத்துக்கு மேல இருந்த மண்ணு எறங்கி, பின்செவரு நெடுக்க வெடிச்சுருச்சு. எல்லாரையும் கொண்டுபோயி பள்ளிக்கூடத்துல போட்டாங்க. அங்க செவருக்குப் பதிலா சேலையக் கட்டித் தொங்க விட்டுக்கிட்டு இருந்தாங்க. இந்திராணி கொஞ்ச நாளு பொறுத்துப் பாத்துச்சு. ஒரு நா பைய மடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவ புள்ள?"

"லயத்துலயாவது பாதிப் பாதி செவரு இருந்துச்சு. இங்க அதுவும் இல்ல. நாலு செவரும் நம்ம செவருன்னு ஆன அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க, வாரேன். அது வரைக்கும் வரமாட்டேன். சும்மா சும்மா போன் அடிச்சுக் கத்தாதீங்க. தங்கச்சி வீட்டு மாடு மெரளுது."

பஸ்ஸு போயிருச்சு. வீரமலைக்கு ஒரே கொழப்பம். கோவிச்சுக்கிட்டுப் போகுதா, கணக்குச் சொல்லிட்டுப் போகுதா? கோவம்னா சமாதானம் பண்ணலாம். நாலு செவத்துக்கு எங்க போறது?

அந்த நேரத்துலதான் துஷாந்தினி மிஸ் வந்து எறங்குச்சு. வீடு கட்டிக் குடுக்குற ஒரு அமைப்புல வேலை பாக்குற புள்ள, பதுளையிலருந்து வரும் போகும். பள்ளிக்கூடத்துல எல்லாரையும் கூட்டி வச்சு வெளங்கப்படுத்துச்சு. "வீட்ட இங்க கட்டப் போறதில்லை. பதுளையில ஒரு தொழிற்சாலையில கொங்கிரீட்டுல செவரு செவரா வார்த்து, லொறியில ஏத்தி வந்து, அத்திவாரத்து மேல நிப்பாட்டி போல்ட்டு போட்டுப் பூட்டுறது. ஒரே நாள்ல வீடு முடிஞ்சிரும்."

"பூட்டுறதா? வீடா அலுமாரியா மிஸ்?"ன்னாரு சின்னராசா.

"வீடுதான் ஐயா."

"போல்ட்டுன்னா, கழட்டவும் ஏலுமா?"

"ஏலும். ஆனா ஏன் கழட்டணும்?"

"இல்ல, புடிக்கலன்னா அடுத்த தோட்டத்துக்கு வித்துரலாமேன்னு கேட்டேன்."

சிரிப்பு அடங்கவே ரொம்ப நேரமாச்சு. முத வீடு யாருக்குன்னு சீட்டுக் குலுக்குனாங்க. வீரமலை பேரு வந்துச்சு. எடம் பங்களா மலை. அத்திவாரம் போட்டு முடிஞ்ச ஒடனே மிஸ் சொல்லுச்சு: "லொறி டிரைவருக்கு மடுல்சீமை ரோடு தெரியாதாம். யாராவது போயி கூட்டிட்டு வரணும்." ரோடுன்னு காதுல விழுந்ததுதான் தாமதம், வீரமலை சட்டைய மாட்டிட்டாரு.

பதுளை டவுனுக்கு வெளிய இருந்துச்சு அந்தத் தொழிற்சாலை. உள்ள போனவரு மெரண்டுட்டாரு. ஒரு பக்கம் வெறும் செவரு வரிசையா சாஞ்சு நிக்குது, பெரட்டுக்கு வந்த ஆளுங்க மாதிரி. இன்னொரு பக்கம் கருங்கல்லு அடுக்கிக் கட்டுன மாதிரி செவரு. தொட்டுப் பாத்தா கல்லு இல்ல, கொங்கிரீட்டு. அச்சுல ஊத்தி, ஈரமா இருக்கையிலேயே கல்லு மாதிரி கோடு அமுக்குறாங்க. கூரை ஓரத்துல தொங்குற பூப்பலகையும் அச்சுதான். ஒரு மூலையில புகைக்கூண்டு ஒண்ணு தனியா நிக்குது, வீடு எங்கயோ ஓடிப்போன மாதிரி. ஒரு தம்பி குந்திக்கிட்டு, காஞ்ச புதுச் செவத்துல பச்சைச் சாயத்த ஒத்தி ஒத்தி எடுக்குறான்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"பாசி வைக்கிறேன் அண்ணன்."

"புதுச் செவத்துக்கா?"

"எல்ல டவுன்ல இருக்குற ஹோட்டல்காரங்க கேக்குறாங்க. வெள்ளக்காரன் காலத்து பங்களா மாதிரி வேணுமாம். நேத்து ஊத்துன செவரு நூறு வருசம் பழசாத் தெரியணும்."

வீரமலை அவன ஏற எறங்கப் பாத்தாரு. "எங்க லயத்துக்கு வாங்க தம்பி. பாசி சும்மாவே இருக்கு. சொரண்டி அள்ளிக்கிட்டுப் போங்க, நாங்க தேத்தண்ணியும் ஊத்தித் தாரோம்."

புதுச எதுக்குப் பழசாக்கணும்? நம்ம பழச விட்டு எப்ப ஓடுவோம்னு நிக்கிறோம். அந்த யோசனையிலேயே மண்டை சுத்திக்கிட்டு ஆப்பீஸ் ஜன்னலுக்கு வந்தாரு. முத்தத்துல ரெண்டு லொறி நிக்குது. ரெண்டுலயும் மேல படங்குத் துணி போட்டு மூடி இறுக்கிக் கட்டியாச்சு. உள்ள இருந்த கிளாக்கு தலையத் தூக்காமலே கேட்டான்.

"எங்க போற சாமான்?"

"பங்களா மலைக்குங்க!"

"கத்தாதீங்க ஐயா. பங்களாவா? அந்தா, நீலப் படங்கு போட்ட லொறி. ஏறுங்க."

ஏறிட்டாரு. அவரு சொன்னதுலயும் பொய் இல்ல, இவன் சொன்னதுலயும் பொய் இல்ல. நம்ம தோட்டத்துல பங்களா மலைன்னா பங்களா இல்லாத மலைன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும். பதுளையில இருக்குற கிளாக்குக்கு எப்புடித் தெரியும்?

டிரைவர் பஸீல், பதுளைக்காரன். வழி நெடுக வீரமலைதான் பேசுனாரு. "எடது! எடது! இங்க பள்ளம்! மேல ஒடிச்சு எடு!" பங்களா மலைக்கு வந்து சேந்தப்ப பஸீல் காதத் தேச்சுக்கிட்டே எறங்குனான். கூட வந்த மேசன் பாஸ்மாருங்க ஒரு சடங்கும் இல்லாம வேலைய ஆரம்பிச்சாங்க. லொறியில இருந்த சின்ன கிரேனு செவத்தக் கொத்தித் தூக்குது. அத்திவாரத்துல நிப்பாட்டுறாங்க. போல்ட்டு முறுக்குறாங்க. அடுத்தது.

படங்க அவுத்தப்பவே வீரமலை வாயத் தொறந்தாரு. மூடல. முதல்ல வந்தது கருங்கல்லுச் செவரு, அங்கங்க பச்சைப் பாசி. அடுத்தது ஒரு செவரு, நடுவுல ஜன்னலு வெளிய தள்ளிக்கிட்டு வருது, மூணு பக்கமும் கண்ணாடி.

"மாமா, ஒங்க வீட்டு ஜன்னலு புள்ளத்தாச்சியா இருக்கு. எத்தன மாசம்?"ன்னாரு சின்னராசா.

அப்பறம் பூப்பலகை வச்ச கூரை. கடைசியா புகைக்கூண்டத் தூக்கி மேல வச்சாங்க. பொழுது சாயுறப்ப பங்களா மலையில பங்களா நிக்குது. சின்னதுதான். ஆனா பங்களா.

"தம்பி, இதுதானா எனக்கு?"ன்னு பஸீலக் கேட்டாரு வீரமலை.

"எனக்கென்ன தெரியும் அண்ணன். ஏத்தினத எறக்கினேன். அத்திவாரத்துல சரியா ஒக்காந்தீக்குதே."

அதுதான் பெரிய கொழப்பம். அளவு தப்பியிருந்தா தப்புன்னு சொல்லலாம். அளந்து தச்ச சட்டை மாதிரி ஒக்காந்திருக்கு. சனங்க சுத்திச் சுத்தி வந்து பாத்தாங்க. ஒரு கெழவரு, வெள்ளக்காரன் திரும்பி வாரான்னு சொன்னாரு. இன்னொருத்தரு, இதுதான் இப்ப வார புது மாடல், எல்லாருக்கும் இதுதான்னு சொன்னாரு. வீரமலைக்கு எத நம்புறதுன்னு வெளங்கல. மிஸ்ஸுக்கு அடிச்சா போன் எடுபடல. ஆனா செவர எண்ணிப் பாத்தாரு. நாலு. ஒண்ணுலயும் சின்னராசா இல்ல. அது போதும்னு சிக்னல் கெடைக்கிற பாறைக்கு ஏறிப்போயி அப்புத்தளைக்குப் பேசுனாரு. மாடு மெரண்டுருக்கும்.

இந்திராணி வந்துச்சு. ரோட்டுலருந்து ஏறி வந்து, வீட்டப் பாத்து நின்னுச்சு. செருப்பக் கழட்டி கையில எடுத்துக்கிட்டு, முன்வாசலப் பாக்காம, விறுவிறுன்னு சுத்திக்கிட்டுப் பின்னால போயிருச்சு.

"ஏய் புள்ள, எங்க போற? வாசல் இங்க இருக்கு!"

இந்திராணியோட அம்மா அந்தக் காலத்துல தொரை பங்களாவுல குசினியில சமையல் வேலை பாத்தது. வேலையாளுங்களுக்கு பங்களான்னா பின்கதவுதான். பங்களாவக் கண்டா காலு தானா பின்னால திரும்பிருது. இந்த வீட்டுல பின்னால கதவும் இல்ல. சுத்திட்டு மறுபடியும் முன்னால வந்துச்சு, மூஞ்சி செவந்து போயி.

"யாரு வீடுங்க இது?"

"நம்ம வீடு."

"நெசமா?"

"போல்ட்டு போட்டிருக்கு, பாரு."

உள்ள வந்துச்சு. ஒரு ரூமு. அத விடப் பெருசா ஒரு குளிக்கிற ரூமு. ஒவ்வொரு மூலையா பாத்துட்டுக் கேட்டுச்சு: "குசினி எங்க?"

வீரமலையும் தேடுனாரு. இருக்குற ரெண்டு ரூமுல ஒரு மனுசன் எவ்வளவு நேரம் தேட முடியுமோ அவ்வளவு நேரம் தேடுனாரு. குசினி இல்ல. கடைசியா, முன்ரூமுல புகைக்கூண்டுக்குக் கீழ கல்லு வச்சு அழகா வளைச்சுச் செஞ்சிருந்த எடத்தக் கண்டுபுடிச்சாரு.

"இந்தா இருக்கு அடுப்பு! குளுருக்கு ஒக்காந்துக்கிட்டே சோறாக்கலாம். தொரைமாருங்க மூளை அது."

இந்திராணி நம்பாமத்தான் பாத்துச்சு. ஆனா பசி. அடுப்புக்கட்டி வச்சு, வெறகு வச்சு, பத்த வச்சுச்சு. புகை மேல போகும்னு ரெண்டு பேரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. புகை மேல போயி, முட்டி, திரும்பி வந்துச்சு. புகைக்கூண்டுக்கு ஓட்டையே கெடையாது. மேல வச்சது சும்மா அழகுக்கு, தலையில பூ வச்ச மாதிரி. வீடு முழுக்கப் புகை. புள்ளத்தாச்சி ஜன்னலு வழியா புகை வெளிய வாரதப் பாத்து, வீடு பத்திக்கிச்சுன்னு நெனச்சு, லயத்து ஆளுங்க வாளியோட ஓடி வந்தாங்க. அந்தக் கூட்டத்துக்குள்ளதான் துஷாந்தினி மிஸ் திரீவீல்லருந்து எறங்கித் தலையில கை வச்சுச்சு.

"ஐயா, இது ஒங்க வீடு இல்லையே!"

வெசயம் இதுதான். பண்டாரவளையில ஹார்ட்வெயார் கடை வச்சிருக்குற ஸப்வான் முதலாளிக்கு எல்ல பக்கம் காணி இருக்கு. வெளிநாட்டுக்காரங்க தங்குறதுக்குப் பழைய காலத்து பங்களா ஒண்ணு சொல்லியிருந்தாரு. சொல்லிட்டு மக்காவுக்கு உம்ரா போயிட்டாரு. திரும்பி வந்து, காணியில எறக்கி வச்சிருந்த சாமானோட படங்க அவுத்துப் பாத்தா, உள்ள வெறும் வெள்ளைச் செவரு, பின்கதவோட, குசினியோட, நம்ம வீடு. தொழிற்சாலையில எல்லாத்துக்கும் ஒரே அளவுதானாம். மேல போடுற உடுப்புத்தான் வேற வேற.

"நாளைக்கு வந்து இதக் கழட்டிக் கொண்டு போயி, ஒங்க வீட்டப் பூட்டித் தந்துருவாங்க"ன்னுச்சு மிஸ்.

இந்திராணி பக்கத்துல நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு. அது புகையா அழுகையான்னு வீரமலைக்குத் தெரியல. கேக்கவும் பயம். நாளைக்குக் கழட்டுவாங்கன்னா, பூட்டுவாங்கங்குறது என்ன நிச்சயம்? கழட்டுற லொறி வரும், பூட்டுற லொறி வராது. தோட்டத்துல எத்தன தடவ பாத்தாச்சு. அப்புடி ஆனா இந்திராணி பழையபடி பஸ்ஸு ஏறிரும். அடுத்த தடவ கூப்புட்டா மாடுகூட நம்பாது.

அன்னைக்கு மத்தியானம் எல்லாரும் கொழுந்து நிறுக்கவும், இந்திராணி வெறகுக்கும் போன நேரம் பாத்து, அத்திவாரம் போட்ட எடத்துல மிச்சமாக் கெடந்த சிமெந்த எடுத்தாரு. தண்ணி ஊத்திப் பெசைஞ்சாரு. அடிப் போல்ட்டு ஒவ்வொண்ணு மேலயும் அப்பி வழிச்சு விட்டாரு. நாலு செவத்துக்கும் பூசத்தான் நெனச்சாரு. சிமெந்து ஒரு செவத்துக்குத்தான் கண்டுச்சு. அந்த ஜன்னல் செவத்துக்கு.

மறுநா லொறி வந்துச்சு. ஸப்வான் முதலாளியும் வந்தாரு. முதல்ல உள்ள போயிப் பாத்தவரு சத்தம் போட்டாரு: "அல்லாஹ்வே! என்ட பங்களாக்குள்ள சோறா ஆக்கினீங்க? கல்லெல்லாம் கரி புடிச்சீக்குதே!"

பாஸ்மாருல ஒருத்தன் கிட்டப் போயிப் பாத்தான். "முதலாளி, கரி நல்லாத்தான் இருக்கு. இப்பத்தான் நெசமாவே பழசாத் தெரியுது."

முதலாளி தலையச் சாச்சு, தள்ளி நின்னு பாத்தாரு. "ம்ம். அப்ப அத தொடைக்க வாணாம்."

கூரை எறங்குச்சு. ஒவ்வொரு செவரா மூணும் கழண்டு லொறிக்குப் போச்சு. அந்த எடத்துலயே வெள்ளைச் செவரு எறங்கி நின்னுச்சு. நெசமாவே பூட்டுறாங்க! வீரமலை ரெண்டு எட்டு பின்னால வச்சாரு. நாலாவது செவத்துக்கிட்ட குந்துன பஸீல் நிமிந்து பாத்தான்.

"இந்த போல்ட்டுக்கு மேல யாரோ சிமெந்து பூசீக்கிறாங்க முதலாளி."

உளியால தட்டிப் பாத்தாங்க. போல்ட்டு அசையல. செவரு மூலையில கல்லு மாதிரி இருந்த ஒரு துண்டு பேந்து கீழ விழுந்துச்சு. "நிப்பாட்டு, நிப்பாட்டு!"ன்னு முதலாளி கத்துனாரு. எல்லாரும் எல்லாரையும் பாத்தாங்க. வீரமலை மட்டும் வானத்தப் பாத்தாரு. ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னால.

"கையக் காட்டுங்க"ன்னுச்சு இந்திராணி.

"எதுக்கு புள்ள?"

"காட்டுங்க."

காட்டுனாரு. நகக்கண்ணெல்லாம் சாம்பல் கலரு. சின்னராசா கையையும் பாத்தாரு, செவத்தையும் பாத்தாரு. "மாமா, பூசுனதும் பூசுனீங்க, கொஞ்சம் சமமா பூசியிருக்கலாம்."

யாரும் சிரிக்கல. இந்திராணி வரப்புக் கல்லு மேல போயி ஒக்காந்துக்கிச்சு. "அந்தச் செவரு அங்க நின்னா நான் உள்ள போகமாட்டேன். நாலு செவரும் நம்ம செவருன்னுதான் சொன்னேன். கள்ளச் செவரு கேட்டேனா? பின்னேரம் அப்புத்தளைக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?"

நம்ம வீடு கண்ணு முன்னால நிக்குது, முக்காவாசி. இந்திராணி போகாம இருக்கத்தான் பூசுனாரு. பூசுனதாலதான் இப்ப போகப் போகுது. எப்புடிச் சுத்திப் பாத்தாலும் வீரமலைக்கு இது வெளங்கல. முதலாளிக்கு முன்னால போயி நின்னாரு. அவரு சென்மத்துல மெதுவாப் பேசுனது அன்னைக்குத்தான். உதடு அசைஞ்சுது, சத்தம் வரல.

"சத்தமா சொல்லுங்க மாமா"ன்னாரு சின்னராசா.

"நாந்தான் முதலாளி பூசுனேன். நீங்க கழட்டிட்டு அப்புடியே போயிருவீங்கன்னு நெனச்சேன். இது போயிருச்சுன்னா, அதுவும் போயிரும்"னு இந்திராணி பக்கம் கையக் காட்டுனாரு.

"அதுக்கு என்ட செவத்துக்கா பூசுற?"

"ஒங்க செவருதான் முதலாளி நின்னுச்சு. நம்ம செவரு ஒங்க எல்ல காணியிலதான கெடந்துச்சு."

பஸீல் நடுவுல பூந்தான். "அச்சு அங்க ஈக்குது முதலாளி. ஒரு கெழமையில வேற ஒண்டு ஊத்தலாம். பெழ எங்கட ஆப்பீஸ்ல. கம்பெனி செஞ்சு தரும். இதக் கழட்டப் போனா ஒடைஞ்சி ஒருத்தருக்கும் இல்லாமப் போகும்."

முதலாளி பேந்த மூலையத் தடவிப் பாத்தாரு. "சரி போகட்டும். வெச்சிக்கங்க."

சனங்க கையத் தட்டுனாங்க. இந்திராணி எந்திரிக்கல.

"அப்புடி சொல்லாதீங்க முதலாளி."

"என்ன அப்புடி? தந்துட்டேனே!"

"வெச்சிக்கங்கன்னு எங்கம்மாவுக்கு பங்களாவுல கிழிஞ்ச கம்பளியக் குடுத்து சொல்லுவாங்க. மீந்த பாண் துண்டக் குடுத்து சொல்லுவாங்க. வெச்சிக்கங்கன்னு சொன்னத நாளைக்குத் திருப்பிக் கேக்கலாம். ஒங்க செவருன்னு சொல்லுங்க. இவ்வளவு பேரு முன்னால சொல்லுங்க."

ஸப்வான் முதலாளி மிஸ்ஸப் பாத்தாரு, பஸீலப் பாத்தாரு. ரெண்டு பேச்சுக்கும் என்ன வித்தியாசம்னு யாராவது சொல்லுவாங்கன்னு பாத்தாரு. தொண்டையச் செருமிக்கிட்டு, கடையில சாமான் குடுக்குற மாதிரி கைய நீட்டிச் சொன்னாரு: "இது உங்கட செவரு தங்கச்சி. என்ட இல்ல."

இந்திராணி எந்திரிச்சுச்சு. சேலைய ஒதறுச்சு. நேரா வீட்டுக்குள்ள போகும்னு எல்லாரும் வழி விட்டாங்க. அது லொறிக்குப் பின்னால போயி நின்னுச்சு. மூணு வெள்ளைச் செவரு எறங்கியாச்சு. நாலாவது வெள்ளைச் செவரு இன்னும் லொறியில படுத்துக் கெடக்கு, அதுக்கு நிக்க எடம் இல்லாததால. பஸீல் படங்க இழுத்து மூடப் போனான்.

"அது யாரு செவரு தம்பி?"

"இது... உங்கட வீட்டுக்கு வந்ததுதான் அக்கா. இப்ப தேவல்லையே."

"எங்க வீட்டுக்கு வந்ததுன்னா எங்க செவரு. எறக்குங்க."

"எங்க நிப்பாட்டுறது?"

"பின்கதவுக்கு அந்தப் பக்கம். வெறகு வைக்க எடம் பத்தாது. ஒரு செவரு நின்னா தகரத்தச் சாச்சுப் போட்டு அங்கயே அடுப்பு மூட்டிக்குவேன். உள்ள இனிமே புகை வேணாம்."

பாஸ்மாருங்க சிரிச்சுக்கிட்டே எறக்குனாங்க, கூரையையும் மேல வச்சுப் பூட்டுனாங்க. இப்ப பங்களா மலைக்குப் போனா பாக்கலாம். மூணு பக்கம் வெள்ளைச் செவரு, ஒரு பக்கம் கருங்கல்லும் பாசியும் தள்ளுன ஜன்னலும், பின்னால தனியா ஒரு செவரு. முக்கா வீடு, கால் பங்களான்னு சின்னராசாதான் பேரு வச்சாரு. அப்பறமா வந்த மத்த வீடுங்க எல்லாம் நாலு பக்கமும் வெள்ளை. அதனால இப்ப வீரமலை வீட்டுக்கு மட்டும் ஏன் தள்ளுன ஜன்னலுன்னு பஞ்சாயத்து நடக்குது. அது வேற கத.

அன்னைக்கு லொறி போனதுக்கப்பறம் கூட்டமும் கலைஞ்சுருச்சு. இந்திராணி செருப்பக் கையில எடுத்துச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டு, கீழ போட்டு, கால்ல மாட்டிக்கிட்டு, முன்வாசல் வழியா உள்ள போச்சு. வீரமலை வெளியவே நின்னாரு. கோவம் தீந்துருச்சா, இல்ல செவருக் கணக்கு மட்டுந்தான் தீந்துச்சா? கூப்புடுமா, கூப்புடாதா? அஞ்சு செவரு இருக்கு, அவருக்கு எந்தப் பக்கம் நிக்கிறதுன்னே தெரியல.

தள்ளுன ஜன்னல்லருந்து தலை எட்டிப் பாத்துச்சு.

"அங்கயே நின்னா எப்புடி? கையக் கழுவிட்டு வாங்க."

"எங்க புள்ள கழுவுறது?"

"கொழாய்ல."

"கொழாய் எங்க?"

தலை உள்ள போச்சு. தேடுற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, பின்பக்கத்துலருந்து, வீரமலையவே தோக்கடிக்கிற மாதிரி ஒரு சத்தம்:

"ஏங்க! கொழாயி வெளிய நிக்கிற செவத்துல இருக்குங்க!"